எடையா, வெளிச்சமா?

"லிஃப்ட் கீழே இறங்க ஆரம்பிக்கற அந்த நொடியில வயித்துக்குள்ள ஏதோ லேசாகுதே, அது என்னன்னு நினைக்கறீங்க?"

"பயம்."

"பயம் இல்லீங்க. எடை. உங்க எடை குறையுது."

"குறைஞ்சு எங்க போகுது?"

"அப்படிக் கேளுங்க! இத்தனை வருஷத்துல இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

"சரி, எங்க போகுதுன்னு சொல்லுங்க."

"எங்கயும் போகலை. எடைன்னு ஒண்ணு இருந்தாத்தானே போறதுக்கு?"

இந்தப் பேச்சு பாப்பாவுக்கு இன்றைக்கும் ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. அவளுடைய கல்யாணத்தைப் பேசி முடிக்க இரண்டு குடும்பமும் முதன்முதலாக எதிரெதிரே உட்கார்ந்த அன்று நடந்த பேச்சு அது. கேட்டவர் அவளுடைய அப்பா, லிஃப்ட் மெக்கானிக். பயம் என்று பதில் சொன்னவர் அவளுக்கு மாமனாராக வரப்போகிறவர், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். நாள் எது, யார் யாரை அழைப்பது என்றெல்லாம் பேச வந்த இருவரும், நாற்காலியை ஒருவர் பக்கம் ஒருவர் இழுத்துப் போட்டுக்கொண்டு பூமி, நிலா, நட்சத்திரம் என்று கிளம்பிவிட்டார்கள். மேஜை மேல் டீ ஆறி ஆடை கட்டியது.

கடைசியில் மாப்பிள்ளையின் அம்மாதான் குறுக்கே புகுந்தார். "கல்யாணத்தைப் பத்திப் பேசலாமா, இல்லை பூமி சுத்தி முடிக்கட்டும்னு காத்திருக்கலாமா?"

பாப்பா என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. அப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. அந்தக் கண்ணாடிக் கடையில் கண் சோதித்துப் பவர் எழுதித் தருகிற வேலைக்குச் சேர்ந்தவள் அவள். சேர்ந்த சில மாதங்களிலேயே கடைக்காரரின் மகனுக்கு அடிக்கடி பார்வை மங்க ஆரம்பித்தது. சோதனை நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டு, எழுத்துப் பலகையைப் பார்க்காமல் அவளையே பார்ப்பான். "மேல் வரியையாவது படிங்க" என்று அவள் சொன்னால், "மேல் வரி எங்க இருக்கு?" என்பான். விஷயம் பெரியவர்கள் காதுக்குப் போனபோது யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. எதிர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இரண்டு அப்பாக்களையும் அந்த எடைப் பேச்சு ஒரே நாளில் சேர்த்துக் கட்டிவிட்டது.

அதற்குப் பிறகு சம்பந்திகள் இருவரும் வாரத்தில் ஒரு நாளாவது சந்திக்காமல் இருந்ததில்லை. அப்பாவுக்கு விடுமுறை என்றால் நேராகக் கடைக்கு வந்துவிடுவார். இருவரும் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. பத்திரிகையில் வருகிற அறிவியல் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆளுக்கொரு கொள்கை இருந்தது.

அப்பாவின் கொள்கை லிஃப்ட்டுக்குள் பிறந்தது. "பொருளுக்குள்ள எடைன்னு எதையும் யாரும் அடைச்சு வைக்கலை, சம்பந்தி. நேரம் எல்லா இடத்துலயும் ஒரே வேகத்துல ஓடறதில்லை. கீழே மெதுவா ஓடுது, மேலே வேகமா ஓடுது. எல்லாப் பொருளும் நேரம் மெதுவா ஓடற பக்கமாச் சாயுது. அதைத்தான் நாம விழறதுன்னு சொல்றோம்."

மாமாவின் கொள்கை லென்ஸுக்குள் பிறந்தது. "நேரம் எங்கேர்ந்து வந்துச்சு முதல்ல? வெளிச்சம்தான் எல்லாத்துக்கும் முதல். கண்ணாடிக்குள்ள புகுந்தா வெளிச்சம் மெதுவாகுது, வளையுது. தடிமன் எங்க ஜாஸ்தியோ அந்தப் பக்கம் வளையும். பூமிங்கறது ஒரு பெரிய லென்ஸுன்னு வச்சுக்குங்க. வெளிச்சம் மெதுவானா நேரமும் மெதுவாகும். உங்க எடை, நேரம் எல்லாம் வெளிச்சத்தோட வால் பிடிச்சுட்டு வர்ற சமாச்சாரம்."

கேட்டுக்கொண்டே வேலை செய்யும் பாப்பாவுக்கு, இரண்டு பேரும் ஒரே சட்டையை ஒருவர் உள்பக்கமாகவும் ஒருவர் வெளிப்பக்கமாகவும் போட்டுக்கொண்டு சண்டை பிடிப்பதுபோல் தோன்றும். சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம் வரும் என்று வாயைத் திறக்க மாட்டாள்.

வெறும் பேச்சாக இருந்தவரை ஒரு குறையும் இல்லை. சோதனை செய்து பார்க்கலாம் என்று ஆரம்பித்ததில்தான் வினை வந்தது.

உயரத்தில் இருக்கும் கடிகாரம் தரையில் இருப்பதைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடும் என்று பத்திரிகையில் வந்திருந்தது. அந்த வித்தியாசம் சாதாரணக் கடிகாரத்தில் தெரியவே தெரியாத அளவு சின்னது என்றும் அதே பத்தியில் இருந்தது. "தெரியாதுன்னு சொன்னவங்க யாராவது மாட்டிப் பார்த்தாங்களா?" என்று அப்பா அதை ஒதுக்கிவிட்டார். ஒரே பெட்டியிலிருந்து ஒரே மாதிரி இரண்டு சுவர்க் கடிகாரங்கள் வாங்கினார்கள். ஒன்றை அப்பா, தான் வேலை பார்த்த உயரமான அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் மாட்டினார். இன்னொன்று கடையில், கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய ஷோகேஸுக்கு மேலே, வரிசையாக எரியும் விளக்குகளுக்குக் கீழே தொங்கியது.

ஒரு வாரத்திலேயே கடைக் கடிகாரம் பின்தங்கிவிட்டது. ஒரு நொடி, இரண்டு நொடி இல்லை. நிமிடக் கணக்கில்.

இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் ஏமாறக்கூடாது என்று கவனமாகத்தான் இருந்தார்கள். கடிகாரத்தில் கோளாறு இருக்குமோ என்று மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றி மாட்டினார்கள். அப்போதும் கடையில் இருந்ததுதான் பின்தங்கியது. பேட்டரியைச் சந்தேகப்பட்டுப் புதிது போட்டார்கள். அப்போதும் அப்படியே. சில வாரங்களில் அதிகமாகவும் சில வாரங்களில் குறைவாகவும் பின்தங்கியதைப் பார்த்து, நிலா எங்கே இருக்கிறது என்றுகூடக் கணக்குப் போட்டார்கள்.

"பார்த்தீங்களா, கீழே நேரம் மெதுவா ஓடுது. என் கொள்கை ஜெயிச்சாச்சு" என்றார் அப்பா.

"கீழேங்கறதால இல்லை சம்பந்தி. உங்க மோட்டார் ரூம் இருட்டு. என் கடையில விளக்கும் கண்ணாடியுமா நாள் பூரா வெளிச்சம் கொட்டுது. வெளிச்சம்தான் காரணம்" என்றார் மாமா.

அதையும் தீர்த்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கடைக் கடிகாரத்தைக் கறுப்புத் துணிப் பைக்குள் போட்டு வாயைக் கட்டி அதே ஆணியில் மாட்டுவது. கீழேயே இருக்கும், ஆனால் வெளிச்சம் படாது. அப்படியும் பின்தங்கினால் அப்பா சொன்னது சரி. பின்தங்காவிட்டால் மாமா சொன்னது சரி. பை வாயை அப்பாவே லிஃப்ட் வேலையில் போடுகிற முடிச்சாகப் போட்டு இறுக்கினார்.

ஒரு மாதம் கழித்துப் பையை அவிழ்த்தபோது, கடிகாரம் மேலே இருந்ததோடு அச்சாக ஒத்துப்போயிருந்தது.

மாமா கைகொட்டிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இதுல யாரோ கை வச்சிருக்காங்க."

"யாரோன்னா? கடையில என்னையும் உங்க பொண்ணையும் விட்டா யார் இருக்கா?"

"அதைத்தான் சொல்றேன்."

மாமாவின் முகம் சிறுத்துப்போனது. வாடிக்கையாளர் தவறவிட்டுப் போன பழைய கண்ணாடியைக்கூடப் பத்திரமாக எடுத்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிற மனிதர் அவர். "ஜெயிக்கறதுக்காக நான் திருட்டு வேலை பண்ணினேன்னு சொல்றீங்களா? அப்போ இந்தக் கடைப் படி ஏறாதீங்க" என்றார். அப்பாவும் எழுந்து, செருப்பைத் தப்புக் காலில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன வருஷம் நடந்தது அது. அன்றைய தேதியைப் பாப்பா வேறொரு காரணத்துக்காகவும் மறக்கவில்லை. அன்று சாயங்காலம்தான் மாமாவிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

அம்மா போன பிறகு அப்பா ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். ஊரில் உள்ள பாதிக் கட்டடங்களில் லிஃப்ட்டை ஓடவைத்தவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முழங்கால் கெட்டுப்போய், வேலையிலிருந்தும் ஓய்வு பெறுகிற நேரம். கடைக்குப் பின்னால், வீட்டோடு சேர்ந்த தரைத்தள அறை ஒன்று பழைய ஷோகேஸும் உடைந்த நாற்காலியுமாகச் சும்மா கிடந்தது. அந்த அறையில் அப்பாவைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது, எந்த வார்த்தை முதலில் வர வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். கடைப் படி ஏறாதீங்க என்று மாமா சொன்ன பிறகு அந்த வார்த்தைகள் ஒத்திகையோடு நின்றுவிட்டன.

கணவனிடம் சொன்னபோது அவன் தலையைச் சொறிந்தான். "ரெண்டு பேரும் பூமியைப் பத்திச் சண்டை போடறாங்க. நான் எந்தப் பக்கம் நிக்கறது?" வெளியூர்க் கடைகளுக்கு லென்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மாமாவோ பிடிவாதமாக அந்தக் கடிகாரத்தை, பை இல்லாமல், அதே ஆணியில் விட்டுவைத்திருந்தார். மறுபடியும் அது பின்தங்க ஆரம்பித்தது. "பார்த்தியாம்மா, வெளிச்சம் பட்டதும் பழையபடி ஆயிடுச்சு" என்று எப்போதாவது பாப்பாவிடம் சொல்வார். சொல்லிவிட்டு, அதைச் சொல்ல வேண்டிய ஆள் எதிரில் இல்லையே என்பதுபோல் தெருவைப் பார்ப்பார்.

இன்று காலையில் பாப்பா அப்பாவைப் பார்க்கப் போனபோது, அவர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காய்கறிப் பை. ஒரு தக்காளி உருண்டு கீழ்ப் படியில் கிடந்தது.

"என்னப்பா இங்க உட்கார்ந்துட்டீங்க?"

"ஆராய்ச்சி பண்றேன். இந்தத் தக்காளி ஏன் மேல் பக்கமா உருளலைன்னு."

"கால் வலிக்குதா?"

"காலுக்கு என்ன? அது பாட்டுக்கு இருக்கு. நான்தான் வலிக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எழுந்திருக்கக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியபோது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டதைப் பாப்பா பார்த்துவிட்டாள். மேலே எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "நேத்தும் இப்படித்தாம்மா, நான்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன்" என்றார். அப்பா அவரை முறைத்தார்.

அவரை மேலே கொண்டுபோய் விட்டு, காய்கறியைக் கழுவி வைத்துவிட்டுப் படி இறங்கும்போது பாப்பா ஒரு முடிவோடு இறங்கினாள். சண்டையாவது மண்ணாவது. இன்று மாமாவிடம் கேட்டுவிட வேண்டும். மாட்டேன் என்றால் என்றுவிட்டுப் போகட்டும். கேட்காமல் இருப்பதைவிட அது மேல்.

நினைக்க நன்றாகத்தான் இருந்தது. கடை நெருங்க நெருங்க, மாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அதே மேஜையில் தினமும் எப்படிச் சேர்ந்து சாப்பிடுவது என்று யோசித்து நடை மெதுவானது.

மதிய நேரம். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மாமா உள்ளே சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தலையைச் சாய்க்கிற வேளை. பாப்பா குனிந்து உள்ளே நுழைந்தாள்.

ஷோகேஸுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு அதில் அவள் மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தக் கடிகாரம், குப்புறக் கிடந்தது. பக்கத்தில் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின். இடது கையில் பட்டை சுற்றி, அது காற்றடைத்துப் புஸ்ஸென்று உப்பிக்கொண்டிருக்க, அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்களையே பார்த்தபடி இருந்தார்.

"அத்தை?"

அத்தை துள்ளி விழுந்தார். "ஐயோ, நீயா! இப்படியா பூனை மாதிரி வருவே? பாரு, எகிறிடுச்சு! இதை எப்படிக் கணக்குல எடுத்துக்கறது? மறுபடி பார்க்கணும்."

"கடிகாரம் ஏன் உங்க மடியில இருக்கு?"

"சத்தமாப் பேசாதே. உங்க மாமா எழுந்துடுவாரு." அத்தை குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பார்க்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் நாலஞ்சு தடவை பார்க்கறேன், பார்க்கப் பார்க்கப் பயத்துல ஏறுதுன்னு உங்க மாமா மெஷின்லேர்ந்து ஒரு பேட்டரியைக் கழட்டிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. காலையில கொடுப்பாரு, பார்த்து முடிச்சதும் வாங்கிக்குவாரு. சாவிக் கொத்து மாதிரி. அதான் மத்தியானம் இதுலேர்ந்து ஒண்ணு எடுத்துக்கறேன். பார்த்துட்டுத் திரும்ப வச்சுடுவேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

பாப்பா சோதனை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, இதை எப்பலேர்ந்து பண்றீங்க?"

"அது ஆச்சு, ரொம்ப நாளாச்சு. ரெண்டு சம்பந்தியும் இதை வாங்கி மாட்டினாங்களே, அப்பலேர்ந்து. நல்ல பேட்டரி இதுலதான் இருக்கும். அப்பப்பப் புதுசு மாத்துவாங்க."

"எவ்வளவு நேரம் வெளியே இருக்கும்?"

"ரெண்டு தடவை சரியா வர்ற வரைக்கும் பார்ப்பேன். பையன் வெளியூர் போயிருந்தா மனசு அடிச்சுக்கும், இன்னும் ரெண்டு தடவை கூடப் பார்ப்பேன்." அத்தை கொஞ்சம் யோசித்தார். "நடுவுல ஒரு மாசம் இதைப் பையில போட்டுக் கட்டி வச்சுட்டாங்க. அந்த முடிச்சை அவிழ்க்க என்னால ஆகலை. அந்த மாசம் நான் பட்ட பாடு! உன்கிட்ட வந்து வந்து கேட்பேனே, என் முகம் சிவந்திருக்கான்னு?"

கேட்டார். பாப்பாவுக்கு நன்றாக நினைவிருந்தது. வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அதை அடக்கப் போய்க் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேட்டரியைச் சந்தேகப்பட்டார்கள், கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார்கள், நிலாவைக்கூடச் சந்தேகப்பட்டார்கள். வீட்டுக்காரியைச் சந்தேகப்படவேண்டும் என்று இரண்டு விஞ்ஞானிகளுக்கும் தோன்றவே இல்லை.

"என்னத்துக்கு அழறே? ஏன் சிரிக்கறே? ஏதாவது ஒண்ணைப் பண்ணு."

"அத்தை, அப்பாவும் மாமாவும் எதுக்குச் சண்டை போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்னமோ எடை பெருசா, வெளிச்சம் பெருசான்னு. நான் அடுக்களையில இருந்தேன். அப்புறம் இவரைக் கேட்டா, உன் சம்பந்தி என்னைத் திருடன்னுட்டார்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டாரு. எதைத் திருடினீங்கன்னு கேட்டேன். அதுக்கு ரெண்டு நாள் என்கூடவும் பேசலை."

பாப்பா சொன்னாள். கடிகாரம் பின்தங்கியது, பையில் கட்டியதும் சரியானது, கை வைத்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னது, எல்லாவற்றையும். அத்தை கேட்டுக்கொண்டே மடியிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் இருந்த பேட்டரியைப் பார்த்தார். அத்தையின் முகத்தில் முதலில் பயம்தான் வந்தது.

"அவர்கிட்டச் சொல்லிடாதே பாப்பா. மத்தியானத்துலயும் பார்க்கறேன்னு தெரிஞ்சா மெஷினையே தூக்கிப் பரண்ல போட்டுடுவாரு."

 சொல்லிவிடுவேன் என்று சொல்லவும் பாப்பாவுக்கு மனமில்லை, சொல்லாமல் இருப்பேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. காலையில் கைப்பிடியைப் பற்றிய அப்பாவின் இரண்டு கைகளும் கண்ணுக்குள் நின்றன.

"உங்க அப்பா இங்க வந்து ஒரு வருஷம் ஆச்சு, இல்லை?" என்றார் அத்தை.

"ஆமா அத்தை."

"வந்தா எனக்கும் கலகலன்னு இருக்கும். அண்ணன் என் டீயைப் புகழ்ந்து ரெண்டு வார்த்தை சொல்லாம இருந்ததில்லை." அத்தை கையில் சுற்றியிருந்த பட்டையை வரட்டென்று பிரித்தார். எழுந்தார். கடிகாரத்தை ஒரு கையிலும் பேட்டரியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். "ஏங்க! எழுந்திரிங்க. உங்க வெளிச்சத்தைக் கொண்டுவந்திருக்கேன்."

மாமா விவரம் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். கடிகாரத்தின் முதுகைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பாப்பா கதவருகே நின்று மூச்சுவிடாமல் கவனித்தாள்.

"தினமுமா?" என்றார் மாமா.

"தினமும்தான்."

"நான் பூட்டி வச்சது ஒரு பேட்டரிக்காக. நீ என் ஆராய்ச்சியவே கவுத்துட்டியே!" திட்டப்போகிறார் என்று பார்த்தால், மாமாவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சத்தமே வராத சிரிப்பு. சிரித்து ஓய்ந்தபின் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அதில் அழுக்கே இல்லாதபோதும். "அப்போ சம்பந்தி சொன்னது நிஜம். கை பட்டிருக்கு. நான் அந்த மனுஷன் பொறாமையில பேசறாருன்னு நினைச்சேன். ஒரு வருஷம்மா! ஒரு வருஷமா அந்த ஆளை வையாத நாள் இல்லை." சட்டைப் பையில் கையை விட்டு அந்த ஒற்றைப் பேட்டரியை எடுத்து மனைவியின் கையில் வைத்தார். "இந்தா. எத்தனை தடவை வேணும்னாலும் பார்த்துக்க. இனிமே ஒளிஞ்சு பார்க்காதே. ஒளிஞ்சு பார்க்கறதாலதான் ஏறுது."

அத்தை அதை வாங்கிக்கொண்டு, "இது புதுக் கொள்கையா?" என்றார்.

மாமா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "வா பாப்பா. சம்பந்தி வீட்டுக்குப் போகணும். போன்ல சொல்ற விஷயமா இது?"

அந்தக் கட்டடத்துக்கு மாமா இதற்குமுன் வந்ததே இல்லை. சந்திப்பெல்லாம் கடையில்தான். கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு முதல் மாடியை விறுவிறுவென்று ஏறினார். இரண்டாவது மாடி ஏறும்போது கைப்பிடியைத் தேடினார். திருப்பத்துக்கு வந்தபோது மூச்சு இரைத்து, அப்பா காலையில் உட்கார்ந்திருந்த அதே படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஒரு மாடி, மாமா."

"உங்க அப்பா எடையைப் பத்திப் பேசினப்பல்லாம் நான் சும்மா தலையாட்டிட்டு இருந்தேன். இப்பதான்மா அது என்னன்னு விளங்குது."

பேச்சுக் குரல் கேட்டு மேலே கதவு திறந்தது. அப்பா எட்டிப் பார்த்தார். மாமாவைக் கண்டதும் முகம் இறுகியது. ஆனாலும் ஒவ்வொரு படியாக, ஒரு காலை வைத்து மறுகாலை அதோடு சேர்த்து, இறங்கி வந்தார். மாமா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன விஷயம்?" என்றார் அப்பா, இரண்டு படி மேலே நின்று.

மாமா கடிகாரத்தை நீட்டினார். "இதுல கை வச்சிருக்காங்க, சம்பந்தி. நீங்க சொன்னது சரி."

அப்பா அதை எதிர்பார்க்கவில்லை. "யாரு?"

"உங்க தங்கச்சி."

மாமா கதையைச் சொல்ல, மூச்சு வாங்கிய இடங்களில் பாப்பா எடுத்துக்கொடுத்தாள். மெஷின், ஒற்றைப் பேட்டரி, மகன் வெளியூர் போன வாரங்கள், அவிழ்க்க முடியாத முடிச்சு. முடிச்சு வந்த இடத்தில் அப்பாவுக்கு உதடு துடித்தது. பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அது படிக்கட்டு முழுக்க முட்டி மோதிக்கொண்டு கீழே இறங்கியது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் அப்பா மெல்லக் குனிந்து, மாமாவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "உங்களைப் போய்த் திருடன்னு சொல்லிட்டேன்."

"நானும் உங்களை, லிஃப்ட்லயே இருந்தும் மூளை மேல ஏறாத ஆளுன்னு சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க? எனக்குக் கேக்கலையே."

"நீங்க போன பிறகு சொன்னேன்."

"அப்போ சரிக்குச் சரி."

இரண்டு பேரும் முதுகு தளர்ந்து, தோள் இறங்கி, ஏதோ பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். தாங்கள் நம்பியது தவறிப்போனதில் இவ்வளவு சந்தோஷப்படுகிற இரண்டு பேரைப் பாப்பா இன்றுதான் பார்த்தாள்.

"ஆக, எடையும் இல்லை, வெளிச்சமும் இல்லை" என்றார் மாமா.

"இல்லைன்னு யார் சொன்னா? இன்னும் நிரூபிக்கலை, அவ்வளவுதான்." அப்பா கடிகாரத்தை வாங்கி, பேட்டரி இல்லாத குழியை விரலால் தடவினார். "ஒரு விஷயம் கவனிச்சீங்களா? பையன் ஊர்ல இல்லாதப்ப ஜாஸ்தி பின்தங்கியிருக்கு."

"ஆமா. அப்போ கவலைக்கும் எடை இருக்குன்னு ஆகுது."

"அதை எப்படி அளக்கறது?"

"முதல்ல பழைய சோதனையை ஒழுங்கா முடிப்போம் சம்பந்தி. இந்தத் தடவை உங்க தங்கச்சிக்குத் தனியா ஒரு பெட்டி பேட்டரி வாங்கிக் கொடுத்துடுவோம். ஒரு கடிகாரம் கடையில. இன்னொண்ணு..." மாமா நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குத்தான் இப்ப மோட்டார் ரூம் கிடையாதே."

"அதுக்கென்ன? என் வீடும் உயரத்துலதானே இருக்கு? மூணாவது மாடி. என் கட்டிலுக்கு மேலயே மாட்டிடறேன். ராத்திரி பகல் கண்ணு எடுக்காமப் பார்த்துக்கலாம். ரெண்டு மூணு வருஷம் ஓடட்டும், அப்பத்தான் முடிவு நிக்கும்."

"ரெண்டு மூணு வருஷமா..." மாமாவின் கை அவரையறியாமல் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது. பார்வை, மேலே போகிற படிகளை ஒவ்வொன்றாக ஏறியது. "தினமும் இதுலதான் ஏறி இறங்கறீங்களா?"

"பழகிடுச்சு" என்றார் அப்பா.

ரெண்டு மூணு வருஷம். பாப்பாவுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் இடித்தது. விட்டால் இரண்டு பேருமாகச் சேர்ந்து, விஞ்ஞானத்தின் பேரால், அப்பாவை அந்த மூன்றாவது மாடியிலேயே ஆணி அடித்து மாட்டிவிடுவார்கள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளைத் தேடினாள். ஒன்றுகூட அகப்படவில்லை. எங்கே போயின என்றும் தெரியவில்லை. ஆனால் வயிற்றில் இத்தனை நாள் கிடந்த கனமும் இல்லை. லிஃப்ட் இறங்க ஆரம்பிக்கிற நொடிபோல உள்ளே ஏதோ லேசாகியது.

"மேல மாட்ட வேண்டாம், மாமா" என்றாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா?"

கீழ்ப் படியில் காலையில் விழுந்த தக்காளி இன்னும் அங்கேயே கிடந்தது. அவள் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் முன்னால் நேராக நின்றாள்.

"மாமா, நம்ம கடைக்குப் பின்னால இருக்கற ரூம்ல அப்பா வந்து இருக்கட்டும். அப்பா, நீங்க எங்ககூடவே வந்துடுங்க."